குடுமி சும்மா ஆடுமா? - தாடியஸ் ஸ்டீவன்ஸும் மூன்று திரைப்படங்களும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ (2012) படத்தில் கிளைமாக்ஸுக்குப் பிறகு ஒரு சின்னக் காட்சி வரும். 1865 ஜனவரி 31. அடிமை முறையை ஒழிக்கும் 13வது சட்டத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்ற கணக்கில் நிறைவேறிவிட்டது. ஊரே கொண்டாடுகிறது. பென்சில்வேனியாவின் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் (டாமி லீ ஜோன்ஸ்) அந்த மசோதாவின் அசல் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கால் தாங்கித் தாங்கி வீட்டுக்குப் போகிறார். வீட்டை நிர்வகிக்கும் கறுப்பினப் பெண்மணி கதவைத் திறக்கிறார். காகிதத்தை அவரிடம் கொடுக்கிறார் ஸ்டீவன்ஸ். அடுத்து, விக்கைக் கழற்றி வைத்துவிட்டு வழுக்கைத் தலையோடு படுக்கையில் இருக்கிறார். பக்கத்தில் அந்தப் பெண்மணி. திருத்தத்தின் வாசகத்தை அவர் வாய்விட்டு வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

படத்தின் மிக நெகிழ்ச்சியான இடங்களில் ஒன்று இது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காட்சி முடியும்போது பார்வையாளர் மனதில் ஒரு குரல் எழுகிறது: “ஓ, இதுக்குத்தானா!” அதுவரை இரண்டு மணி நேரம் இந்தக் கிழவர் ஏன் இவ்வளவு மூர்க்கமாக நின்றார் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே ஆடிய குடுமிக்குக் காரணம் படுக்கையறையில் இருக்கிறது.

அந்த “இதுக்குத்தானா” மீதுதான் எனக்குப் பிரச்சினை. இந்த விடையைக் கண்டுபிடித்தது ஸ்பீல்பெர்க் அல்ல, திரைக்கதை எழுதிய டோனி குஷ்னரும் அல்ல. அமெரிக்க சினிமாவில் இது 97 வருடப் பழைய விடை. முதலில் சொன்னவர்கள் அதை வசையாகச் சொன்னார்கள்.

*

1915ல் வந்த டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ சினிமா படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த படம். எடிட்டிங்குக்காகப் பாடமாக வைப்பார்கள். கு க்ளக்ஸ் கிளானைக் கதாநாயகர்களாக்கியதற்காகத் தலையில் அடித்துக்கொள்வார்கள். தாமஸ் டிக்சன் 1905ல் எழுதிய நாவலை ஒட்டி எடுக்கப்பட்டது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கே போட்டுக் காட்டினார்கள். செத்துக் கிடந்த கிளான் அமைப்பு அதே வருடம் ஜார்ஜியாவில் மறுபடி உயிர்பெற்றது.

அந்தப் படத்தில் ஆஸ்டின் ஸ்டோன்மன் என்றொரு வடக்கத்திய அரசியல்வாதி வருவார். ஊனமான கால், பொருந்தாத விக், கடுகடுத்த முகம். பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள், ஆள் ஸ்டீவன்ஸேதான். அவர் வீட்டில் லிடியா பிரவுன் என்றொரு கலப்பினப் பணிப்பெண். கறுப்பு மை பூசிய வெள்ளை நடிகை ஒருவர் அந்த வேடத்தில் நடித்தார். ஸ்டோன்மன் அவளிடம் மயங்கிக் கிடக்கிறார். இந்தத் தலைவரின் இந்த பலவீனம்தான் ஒரு நாட்டையே பாழாக்கப்போகிறது என்று இடையில் ஒரு டைட்டில் அட்டையே வருகிறது. கறுப்பர்களுக்கு வாக்குரிமை, தெற்கில் ராணுவ ஆட்சி என்று படம் எதையெல்லாம் பேரழிவாகக் காட்டுகிறதோ, அது அத்தனைக்கும் வேர் ஒரு கிழவரின் காமம்.

இப்போது 1915ஐயும் 2012ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் அவள் மோகினி, மற்றதில் கண்ணியமான துணைவி. ஒன்றில் அந்த உறவு களங்கம், மற்றதில் அழகு. ஆனால் கணக்கைப் போட்ட விதம் ஒன்றுதான். ஒரு வெள்ளைக்காரர் கறுப்பர்களின் சமத்துவத்துக்காக வாழ்நாள் முழுக்க நின்றால், அதற்கு அவர் வீட்டுக்குள் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கிரிஃபித் போட்ட சமன்பாட்டில் கழித்தல் குறியைக் கூட்டல் குறியாக மாற்றியிருக்கிறார் ஸ்பீல்பெர்க். சமன்பாட்டை அழிக்கவில்லை.

இடையில் 1942ல் எம்ஜிஎம் தயாரிப்பில் ‘டென்னசி ஜான்சன்’ வந்தது. லிங்கனுக்குப் பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சனை நல்லவராக்கும் படம். 1868ல் பிரதிநிதிகள் சபை அவர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது. செனட்டில் ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் தப்பினார். நோயில் தளர்ந்து, நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்ட நிலையிலும் அந்தக் குற்றச்சாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஸ்டீவன்ஸ். படத்தில் லயனல் பேரிமோர் அவரை வன்மம் பிடித்த கிழவராக நடித்தார். கறுப்பினத்தவரின் உரிமைக்கான அமைப்பான என்ஏஏசிபி எதிர்ப்புத் தெரிவித்தது. இங்கே காமத்தின் இடத்தில் வன்மம்.

எழுத்திலும் இதே கதைதான். ஜான் எஃப். கென்னடி 1956ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் ஸ்டீவன்ஸை அறிமுகப்படுத்தும்போது அவர் ஊனத்தையும் வெறியையும் அடுத்தடுத்த சொற்களாக வைக்கிறார். 1959ல் ஃபான் பிராடி எழுதிய வாழ்க்கை வரலாறு அவரிடம் எவ்வளவோ பரிவோடு நடந்துகொள்கிறது. ஆனால் அதுவும் உளவியல் வழியில் போய், பிறவியிலேயே வளைந்த பாதத்துக்கும் அரசியல் கோபத்துக்கும் முடிச்சுப் போடுகிறது. 1863ல், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன்பு, தெற்குப் படை அவருடைய கலிடோனியா இரும்பு ஆலையைக் கொளுத்தியது. அதையும் காரணப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்: ஆலை போன ஆத்திரம்!

கால், காதல், கொல்லப்பட்டறை. ஒரு மனிதர் ‘எல்லோரும் சட்டத்தின் முன் சமம்’ என்று சொன்னால் அதை நம்புவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துபார்த்திருக்கிறார்கள்.

*

நாங்கள் மென்பொருள் வேலையில் ஒரு பிழைக்குக் காரணம் இதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் முதலில் தேதியைப் பார்ப்போம். காரணம் என்று சொல்லப்படுவது விளைவுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும் இல்லையா? ஸ்டீவன்ஸ் விஷயத்தில் இந்தச் சாதாரணப் பரிசோதனையை எந்தப் படமும் செய்யவில்லை.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் - அதுதான் அவருடைய உண்மைப் பெயர் - லங்காஸ்டரில் ஸ்டீவன்ஸின் வீட்டுக்கு வந்தது 1840களின் இறுதியில். அவர் கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு இருந்தவர். ஸ்டீவன்ஸ் 1792ல் பிறந்தவர்; அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

அதற்குப் பத்து வருடம் முன்னால் என்ன நடந்தது? 1837-38ல் பென்சில்வேனியா தன் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி எழுதியது. அதுவரை வாக்குரிமைக்கான பிரிவில் நிறம் பற்றிய சொல் கிடையாது. அந்த மாநாடு ‘வெள்ளை’ என்ற ஒரே சொல்லை உள்ளே சேர்த்தது. மாநிலத்தின் சுதந்திரக் கறுப்பர்கள் அத்தனை பேரும் ஒரு சொல்லால் வாக்குரிமையை இழந்தார்கள். மாநாட்டு உறுப்பினரான ஸ்டீவன்ஸ் அந்தச் சாசனத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

அதற்கும் மூன்று வருடம் முன்னால், 1835 ஏப்ரலில், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பள்ளிக்கூடம் என்ற ஒரு வருடமே ஆன சட்டத்தை ரத்துசெய்ய மாநில செனட் வாக்களித்துவிட்டது. ‘என் காசுல அடுத்தவன் பிள்ளை ஏன் படிக்கணும்?’ என்ற வாதத்துக்கு எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஆதரவு உண்டு. மாநில பிரதிநிதிகள் சபையில் ஸ்டீவன்ஸ் பேசிய பேச்சு அந்த அலையைத் திருப்பியது, சட்டம் பிழைத்தது. இதில் காதலும் கிடையாது, எரிந்த ஆலையும் கிடையாது. அப்பா ஓடிப்போன வீட்டில் அம்மாவின் உழைப்பால் படித்தவர் என்பதால்தான் பள்ளிக்கூடத்துக்காகப் பேசினார் என்று ஒருவர் சொல்லலாம். சொல்வார்கள். ஆனால் அப்படிப் படித்து மேலே வந்தவர்கள் பலர் ஏணியை எட்டி உதைத்ததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

*

தனிப்பட்ட காரணத்தைத் தூக்கிப்போட்டால் மிஞ்சுவது பிறவிப் புனிதர் என்ற பிம்பம்தானே என்று கேட்கலாம். இல்லை. படங்கள் மூன்றும் தொடாத ஒரு வழக்கு இருக்கிறது. அவரைப் புனிதராக்க விடாத வழக்கு அது.

ஸ்டீவன்ஸ் 1816ல் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். மேரிலாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர். மேரிலாந்தில் அடிமை முறை உண்டு; பென்சில்வேனியாவில் 1780ஆம் வருடச் சட்டப்படி அது படிப்படியாக ஒழிந்துகொண்டிருந்தது. வெளிமாநில எஜமானர் தன் அடிமையை பென்சில்வேனியாவில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமை சுதந்திரமாகிவிடுவார் என்பது அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு. சாரிட்டி பட்லர் என்ற பெண் மேரிலாந்தில் அடிமையாக இருந்தவர். வேலைக்காக அவரை அவ்வப்போது எல்லை தாண்டி பென்சில்வேனியாவுக்கு அழைத்துவந்திருக்கிறார்கள். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும், எனவே நாங்கள் சுதந்திரமானவர்கள் என்று அவர் தரப்பு வழக்குப் போட்டது.

எஜமானர் தரப்பு வக்கீல் ஸ்டீவன்ஸ்.

சட்டம் சொல்லும் ஆறு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்டக் கூடாது என்று அவர் வாதாடினார். 1821ல் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே நீடித்தார்கள். இளம் வக்கீலுக்கு நல்ல வெற்றி.

இதை வைத்து ஒரு மனம்திருந்தும் காட்சி எழுதுவது சுலபம். மழையில் நனைந்தபடி நீதிமன்றப் படிகளில் உட்கார்ந்திருக்கும் இளைஞர், தூரத்தில் குழந்தைகளோடு போகும் பெண். எனக்கு அது தேவைப்படவில்லை. அந்த வழக்கில் என்னை நிறுத்துவது அதன் நுட்பம்தான். ஒரு பெண்ணின் வாழ்க்கை ‘ஆறு மாதம்’ என்ற இரண்டு சொற்களை எப்படி வாசிப்பது என்பதில் தொங்கியது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டம்தான். ஆனால் எழுதியவர்கள் ‘தொடர்ந்து’ என்றோ ‘மொத்தமாக’ என்றோ சேர்க்கவில்லை. அந்த இடைவெளிக்குள் ஒரு கெட்டிக்கார வக்கீல் நுழைந்து வெளியே வந்தார், ஒரு குடும்பம் உள்ளே மாட்டிக்கொண்டது. சட்டத்தில் ஓட்டை இருந்தால் அது எப்படி வேலை செய்யும் என்பதை ஸ்டீவன்ஸ் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஓட்டையை அவரே பயன்படுத்தினார்.

பிறகு அவர் போன திசை எல்லோருக்கும் தெரியும். தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். 1851ல் லங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானாவில், தப்பி வந்தவர்களைப் பிடிக்க வந்த மேரிலாந்து எஜமானர் கைகலப்பில் கொல்லப்பட்டார். பிடிக்க உதவ மறுத்தவர்கள் மீது தேசத்துரோக வழக்கு போட்டார்கள். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல்களில் ஒருவராக நின்றார் ஸ்டீவன்ஸ். குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

என் வாசிப்பு இதுதான்: 1821க்கும் 1866க்கும் இடையில் ஓடும் இழை ஒரு தொழில்காரரின் இழை. உரிமை என்பது யாரோ ஒருவரின் நல்ல மனதிலோ, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கணக்கிலோ தொங்கினால் அது உரிமை அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1838ல் ஒரு சொல்லைச் சேர்த்ததற்காகக் கையெழுத்து போடாதவர், ஒரு சொல் என்ன செய்யும் என்று அறிந்தவர்.

*

‘லிங்கன்’ படத்தின் மிகச் சிறந்த காட்சி படுக்கையறைக் காட்சி அல்ல. சபையில் நடப்பது. எல்லா மனிதர்களும் எல்லா விதத்திலும் சமம் என்று நீங்கள் நம்புகிறீர்களா என்று எதிர்க்கட்சியினர் ஸ்டீவன்ஸைச் சீண்டுகிறார்கள். ஆம் என்று சொன்னால் தயங்கி நிற்பவர்களின் வாக்குகள் போய்விடும். அவர் தன்னை விழுங்கிக்கொண்டு, எல்லாவற்றிலும் சமத்துவம் என்று நான் சொல்லவில்லை, சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்கிறார். டாமி லீ ஜோன்ஸின் முகத்தில் அந்த விழுங்கல் தெரிகிறது. ஆஸ்கர் பரிந்துரை அதற்கே கொடுக்கலாம். இது கற்பனையும் அல்ல. 1865 ஜனவரியில் சபையில் அவர் ஏறக்குறைய அப்படியேதான் சொன்னார்.

படம் இதை ஒரு தியாகமாகக் காட்டுகிறது: பெரிய நம்பிக்கையைக் கைவிட்டு சின்னதை வாங்கிக்கொள்கிறார், சமரசம்தான் ஜனநாயகம், லிங்கன் அதைக் கற்றுக்கொடுத்தார். இதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பார்க்க 1866க்குப் போக வேண்டும். லிங்கனின் மரணத்தோடு நின்றுவிடும் படத்தால் அங்கே போக முடியாது.

போர் முடிந்ததும் தெற்கு மாநிலங்கள் கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டங்களை எழுதத் தொடங்கின. வேலை ஒப்பந்தம் இல்லாமல் தெருவில் நின்றாலே நாடோடி என்று பிடித்து, அபராதம் கட்ட முடியாவிட்டால் வேலைக்கு ஏலம் விட்டார்கள். அடிமை முறை போய்விட்டது, ஓட்டை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதை அடைக்க நாடாளுமன்றம் எழுதியதுதான் 14வது திருத்தம். அதன் புகழ்பெற்ற முதல் பிரிவை எழுதியவர் ஒஹாயோவின் ஜான் பிங்கம், அவரும் ஒரு வக்கீல். சபையில் அதை வழிநடத்தியவர் ஸ்டீவன்ஸ். எந்த மாநிலமும் தன் எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது அது. ஒரு வருடம் முன்பு பின்வாங்கிச் சொன்னதாகப் படம் காட்டும் அதே ‘சட்டத்தின் முன் சமத்துவம் மட்டும்’ இப்போது சாசனத்தின் வாசகமாகிறது. ‘மட்டும்’ என்று அவர் சொன்னது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் அவருக்கு அது போதவில்லை. 1866 ஜூன் 13 அன்று, இறுதி வாக்கெடுப்புக்கு முன் பேசினார். இளமை முதல் ஒரு கனவு இருந்தது, ஏதாவது ஒரு நல்வாய்ப்பு நம் அமைப்புகள் அத்தனையையும் மறுபடி வார்க்க இடம் தரும் என்று நம்பினேன், அந்தக் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் மிக மோசமான இடங்களுக்கு ஒட்டுப்போடுவதோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். பிறகு ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று தானே கேட்டு, நான் வாழ்வது தேவதைகளுக்கு நடுவில் அல்ல, மனிதர்களுக்கு நடுவில் என்று பதில் சொன்னார். 120க்கு 32 என்று நிறைவேறியது.

பழைய சிஸ்டத்தோடு மல்லுக்கட்டும் எவருக்கும் இந்தப் பேச்சு புரியும். முழுசா எடுத்துட்டு புதுசா எழுதணும்னுதான் மனசு சொல்லும். கையில் இருப்பது ஒரு பேட்ச் மட்டும்தான். வித்தியாசம் என்னவென்றால், பேட்ச் போட்டவர்கள் பெரும்பாலும் ‘பிரச்சினை முடிந்தது’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். இவர் இது பேட்ச்தான் என்று சபைப் பதிவிலேயே எழுதிவைத்தார்.

முழுசாக எழுதுவது என்றால் அவர் என்ன நினைத்தார் என்பதும் ரகசியம் அல்ல. 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் கணக்கோடு பேசினார். தெற்கின் பெருநிலக்காரர்கள் சுமார் 70,000 பேரின் நிலத்தைப் பறிமுதல் செய்தால் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் கிடைக்கும். விடுதலையான வயதுவந்த ஆண்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தாலும் நாலு கோடிதான் ஆகும். மீதியை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம். 1867ல் இதை மசோதாவாகவும் கொண்டுவந்தார், எடுபடவில்லை. நிலத்தில் கைவைப்பது என்றால் வடக்கின் முதலாளிகளுக்கும் வயிற்றைக் கலக்கியது. படத்தின் சமையலறைக் காட்சியில் ஸ்டீவன்ஸ் லிங்கனிடம் இந்தப் பறிமுதல் பற்றிப் பேசத்தான் செய்கிறார். லிங்கன் திசைகாட்டி உவமை ஒன்றைச் சொல்லி அவரை அடக்கிவிடுகிறார்: திசை மட்டும் தெரிந்தால் போதாது, வழியில் இருக்கும் சதுப்பு நிலமும் தெரிய வேண்டும். அழகான வசனம். ஆனால் நிலமில்லாத அந்தப் பத்து லட்சம் பேர் பின்னால் பழைய எஜமானர்களின் வயலிலேயே குத்தகைக்கு உழுது, கடனில் மூழ்கியதைப் பார்த்தால், சதுப்பில் சிக்கியது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

*

லிடியா ஸ்மித்துக்கும் இந்தப் படங்கள் நியாயம் செய்யவில்லை. அவரும் ஸ்டீவன்ஸும் கணவன் மனைவி போல் வாழ்ந்தார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே இருந்தது, நிரூபணம் இல்லை. நிரூபணமானவை வேறு. இருபது வருடம் அந்த வீட்டையும் கணக்குவழக்கையும் அவர் நடத்தினார். சொந்தமாக வீடு வாசல் வாங்கினார், ஸ்டீவன்ஸ் இறந்த பிறகு வாஷிங்டனில் தங்கும் விடுதி நடத்தினார். ஸ்டீவன்ஸின் உயில் அவருக்கு வருடம் 500 டாலர் அல்லது மொத்தமாக 5,000 டாலர், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றது. சொத்துரிமையே அரிதாக இருந்த காலத்தில் தன் பெயரில் பத்திரம் வைத்திருந்த பெண் அவர். கிரிஃபித் அவரை நாட்டின் சாபமாக்கினார், ஸ்பீல்பெர்க் ஒரு வெள்ளைக்காரரின் நல்ல காரணமாக்கினார். இரண்டிலும் அவருக்கென்று ஒரு கதை இல்லை. ஸ்டீவன்ஸின் அரசியலை விளக்குவதற்காக மட்டும் வந்துபோகிறார்.

இதெல்லாம் 150 வருடம் முந்தைய அமெரிக்க விவகாரம், நமக்கென்ன என்றால், 14வது திருத்தத்தின் அந்தச் சொற்கள் நம் வீட்டிலும் இருக்கின்றன. இந்திய அரசியல் சாசனத்தின் 14வது பிரிவு ‘சட்டத்தின் முன் சமத்துவம்’ என்பதோடு ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ என்பதையும் சேர்த்து உறுதி தருகிறது. இரண்டாவது தொடர் அமெரிக்கத் திருத்தத்திலிருந்து வந்தது. எண் ஒன்றாக அமைந்தது மட்டும்தான் தற்செயல். நாமும் இந்தச் சொற்களுக்காக நிற்பவர்களைப் பார்த்தால் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம்: இந்த ஆளுக்கு இதுல என்ன? யார் வீட்டில் யாரைக் கட்டியிருக்கிறார், எந்தச் சாதி, எந்த அவமானத்துக்குப் பழி தீர்க்கிறார்? காரணம் கிடைத்துவிட்டால் நமக்கு நிம்மதி. நமக்கு அந்தக் காரணம் இல்லை, எனவே நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஸ்டீவன்ஸ் 1868 ஆகஸ்டில் இறந்தார், 14வது திருத்தம் மாநிலங்களின் ஒப்புதல் பெற்ற மறுமாதம். லங்காஸ்டரின் பெரிய கல்லறைத் தோட்டங்கள் வெள்ளையர்களுக்கு மட்டும் என்பதால் அங்கே வேண்டாம் என்று சொல்லி, நிற வேறுபாடு பார்க்காத ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். காரணத்தைத் தன் கல்லறையிலேயே எழுதிவைக்கச் சொன்னார்: வாழ்நாள் முழுக்கப் பேசிய கொள்கையை, கடவுளுக்கு முன் மனிதர் சமம் என்பதை, சாவிலும் காட்டுவதற்காக. ‘இதுல உனக்கு என்ன?’ என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அதுதான். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மூன்று படங்களாலும் முடியவில்லை.

யாராவது நான்காவது படம் எடுத்தால், 1838லிருந்து தொடங்கலாம். ஒரு மேசை, ஒரு சாசனம், அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு சொல். வரிசையாக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். நாற்பத்தைந்து வயது வக்கீல் ஒருவர் மட்டும் போடவில்லை. லிடியா அவர் வீட்டுக்கு வர இன்னும் பத்து வருடம் இருக்கிறது.